மூச்சுப் பயிற்சி வேண்டாம், பதில் சொல்ல ஆள் வேண்டும்

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். ஒருவர் ஏசி அறையில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் விடியற்காலையில் தெருவில் வேலை பார்ப்பவர்.

முதலாமவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் தம்பி. விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றிலிருந்து படித்து வந்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. அவருடைய நிறுவனத்தில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டிய இரண்டு மணி நேர வகுப்பு ஒன்று நடந்திருக்கிறது. ஏஐ வந்ததால் ஊழியர்களுக்கு ஏற்படும் எரிச்சலையும் சோர்வையும் சமாளிப்பது எப்படி என்பது தலைப்பு. கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார்களாம். பிறகு மனதில் இருக்கும் பயத்தை ஒரு தாளில் எழுதி, மடித்து, குப்பைக்கூடையில் போடச் சொன்னார்களாம். தம்பி எழுதியது இது: "எங்கள் டீமில் 11 பேர். அடுத்த வருடம் எத்தனை பேர் இருப்போம்?" அதைக் கூடையில் போடாமல் மனிதவளத் துறை அதிகாரியிடம் நேராகவே கேட்டுவிட்டார். நெகட்டிவாக யோசிக்காதீர்கள், தேவைப்பட்டால் கவுன்சிலிங் ஏற்பாடு செய்கிறோம் என்று பதில் வந்தது.

"அண்ணே, நான் கேட்டது ஒரு கணக்கு. அதுக்கு அவங்க எனக்கு மனசு சரியில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார் தம்பி.

இரண்டாமவர் வடமாவட்ட நகராட்சி ஒன்றில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் அக்கா. காலை ஐந்தரை மணிக்கு சூப்பர்வைசரின் செல்போன் முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். போன் ஏற்றுக்கொண்டால்தான் வருகைப்பதிவு. இருட்டு, தெருவிளக்கும் எரியவில்லை, மூன்று முறை காட்டியும் போன் ஏற்கவில்லை. அப்படியும் தெருவை முழுக்கக் கூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இதுபோல இரண்டு நாள். மாதக் கடைசியில் அந்த இரண்டு நாள் கூலி இல்லை. கேட்டதற்கு "போன் எடுக்கலன்னா நான் என்ன பண்றது" என்றாராம் சூப்பர்வைசர்.

"தம்பி, முன்னாடி மேஸ்திரி ஆப்சென்ட் போட்டா அவன்கிட்ட சண்டை போடுவேன். நாலு பேரு கூடுவோம். மறுநாள் திருத்திக் குடுப்பான். இப்ப யார்கிட்ட சண்டை போடுறது? போன்கிட்டயா?" என்று கேட்டார் அக்கா.

இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தம்பிக்குப் பதில் தெரிந்த ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் சொல்ல மறுக்கிறார். அக்காவுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. இரண்டு பேருக்கும் வரும் கோபம் நியாயமானது. எங்கோ தவறு நடக்கிறது என்று அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தைக் குணப்படுத்த வேண்டிய நோயாக நடத்துகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஒன்றைக் கேட்டால் வேறொன்றைக் கொடுப்பது இந்த நாட்டில் நமக்குப் பழகிய விஷயம்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்கள் வேலையை நிரந்தரமாக்கு என்றார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்தார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. வேலைப் பாதுகாப்பு கேட்டவர்களுக்கு இட்லி. கணக்கு கேட்டவருக்கு மூச்சுப் பயிற்சி.

கேட்ட இடத்தில் வராத எந்திரம்

நம்மைப் பார்த்து "நீங்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். இந்த நாட்டில் எந்திரம் வேண்டும் என்று தலித் மக்களைப் போலக் கெஞ்சியவர்கள் யாரும் இல்லை. ராட்டையைக் கொண்டாடியவர்களோடு அண்ணல் அம்பேத்கர் சண்டை போட்டதே இதற்காகத்தான். உழைப்பவனுக்கு ஓய்வும், சிந்திக்க நேரமும் எந்திரத்தால்தான் கிடைக்கும் என்று அவர் வாதாடினார்.

பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே, எந்திரத்தை இறக்கு என்று எத்தனை ஆண்டுகளாகக் கத்துகிறோம்? மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. 2018-லேயே திருவனந்தபுரத்தில் பாண்டிகூட் என்ற ரோபோ, ஆள் இறங்காமலே மேன்ஹோலைச் சுத்தம் செய்து காட்டியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் இந்த வேலைக்கு முழுத் தடை விதித்தது. இத்தனைக்குப் பிறகும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களின் செய்தி நிற்கவில்லை.

ஆனால் நாம் கேட்காத எந்திரம் எவ்வளவு வேகமாக வந்தது பாருங்கள். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் 2020-க்குள்ளேயே தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரம் ஏறிவிட்டது. எங்கே நிற்கிறாய், எத்தனை நிமிடம் நிற்கிறாய் என்று எங்கோ ஒரு அறையில் இருப்பவர் திரையில் பார்க்கலாம். கழிப்பறைக்குப் போகும்போதும் இது நம்மைப் பார்க்குமோ என்று பெண்கள் பயந்தார்கள். கையுறை வாங்கப் பணம் இல்லை என்று சொல்லும் உள்ளாட்சிகள் கடிகாரத்துக்குப் பணம் கண்டுபிடித்தன.

யார் இந்தப் பணியாளர்கள்? கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் வேலை செய்வோரை ஒன்றிய அரசே நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தது. அதில் 2024-ல் வெளிவந்த விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 சதவீதம் பட்டியல் சாதியினர். எந்திரத்துக்குச் சாதி கிடையாதுதான். ஆனால் குழிக்குள் இறங்க வேண்டிய எந்திரம் வராமல், மணிக்கட்டில் கட்டும் எந்திரம் முதலில் வந்ததற்குக் காரணம் சாதிதான். நம் உயிரைக் காப்பதைவிட நம்மை நம்பாமல் இருப்பது அவர்களுக்கு அவசரமான வேலையாக இருந்தது.

திருடனைப் பிடிக்க வந்த செயலி

நூறு நாள் வேலையில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் என்.எம்.எம்.எஸ். செயலி கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். நெட்வொர்க் இல்லாவிட்டால் வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. வேலை முடிந்த பிறகும் இரண்டாவது படத்துக்காகப் பெண்கள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள்.

ஊழலை ஒழிக்கத்தான் இது என்றார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆளுக்கும் பதிவில் இருக்கும் ஆளுக்கும் பொருத்தம் இல்லை என்று அதுவே பட்டியல் போட்டது. ஆகவே இனி படங்களை மனிதர்கள் சரிபார்க்க வேண்டும் என்றது. திருடத் தெரிந்தவன் செயலியையும் ஏமாற்றிவிட்டான். ஒழுங்காக வேலைக்கு வந்த கிழவிதான் கூலியை இழந்தாள். இதிலிருந்து பாடம் கற்றார்களா? அந்தத் திட்டத்தையே மாற்றி 2025 டிசம்பரில் கொண்டுவந்த விபி ஜி ராம் ஜி சட்டத்தில் பயோமெட்ரிக்கும் செயற்கை நுண்ணறிவும் இன்னும் ஆழமாக உள்ளே வந்துவிட்டன.

அங்கன்வாடியிலும் இதே கதை. 2025 ஜூலை முதல் தாய்மார்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவுக்கு முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். முகம் பொருந்தாவிட்டால் அந்தத் தாயின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வது டெல்லியில் செயலி செய்தவர் இல்லை. எதிரில் நிற்கும் அங்கன்வாடி ஊழியர்தான். எந்திரத்தின் தவறுக்குத் திட்டு வாங்குவதும் இப்போது அவருடைய வேலையில் சேர்ந்துவிட்டது. இவருக்கும் மூச்சுப் பயிற்சி கொடுப்பீர்களா?

"எந்திரத்துக்குச் சாதி தெரியாது" என்பவர்களுக்கு

நம் பிள்ளைகளில் சிலரே என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்: "மேலதிகாரிக்குச் சாதி தெரியும், எந்திரத்துக்குத் தெரியாது. நமக்கு எந்திரமே மேல் இல்லையா?"

இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். நியாயமான கேள்வி. நேர்முகத் தேர்வில் அப்பா பெயரையும் ஊரையும் கேட்டு மதிப்பெண் போட்டவர்களை விட, விடைத்தாளைத் திருத்திய கம்ப்யூட்டர் நமக்கு நல்லதுதான் செய்தது. ஆனால் ஏன் செய்தது? டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு உத்தேச விடைக்குறிப்பு வெளியிடுகிறார்கள். விடை தவறு என்றால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எத்தனை மதிப்பெண், எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று நமக்குத் தெரியும். அதாவது கணக்கு வெளியே இருந்தது. அதனால்தான் அந்த எந்திரம் நமக்கு நியாயம் செய்தது.

விண்ணப்பங்களைச் சலிக்கும் ஏஐக்கு விடைக்குறிப்பு எங்கே? யாருக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று யார் சொல்வார்கள்? அது இதற்கு முன் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களைப் பார்த்துத்தான் "நல்ல ஊழியர்" என்றால் யார் என்று கற்றுக்கொள்கிறது. இதற்கு முன் யாரை எடுத்தார்கள்? சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தேர்வுகளைப் பாடமாகப் படித்த எந்திரம் அந்தப் புத்தியோடுதான் வளரும்.

அமெரிக்காவில் பெண்களுக்கு இது நடந்தது. ஆண்களே நிறைந்த பழைய விண்ணப்பங்களில் பழகிய அமேசானின் ஆள்தேர்வு மென்பொருள், பெண்களின் விண்ணப்பங்களை மட்டம் தட்டியது என்று 2018-ல் செய்தி வந்தது. அதே ஆண்டில் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த தோல் கொண்ட ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த தோல் கொண்ட பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. இருவருமே கறுப்பினப் பெண்கள். அவர்கள் எண்ணிப் பார்த்து உலகத்துக்குச் சொன்ன பிறகுதான் அந்த நிறுவனங்கள் திருத்தத் தொடங்கின. இங்கே சாதிவாரியாக யார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்?

புதிய எந்திரத்தின் மேல் பழைய சாதி ஏறி உட்காருவது நமக்குப் புதிதும் இல்லை. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும் என்பதால், தலித் வாய் பட்ட நூலை நாங்கள் தொட மாட்டோம் என்று சொல்லி நம்மவர்களை அந்தப் பிரிவுக்குள்ளேயே விடவில்லை. தறி இங்கிலாந்திலிருந்து வந்தது. தீட்டு இங்கேயே இருந்தது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் இந்தக் கேள்வியை எழுப்பினார். தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்களுக்கே அது கசந்தது. சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று பின்னால் அவர் எழுதியதற்கு அந்த ஆலைகளும் சாட்சி.

இன்றைய ஐ.டி. நிறுவனத்திலும் அந்த அடுக்கு இருக்கிறது. புது ஏஐ திட்டத்தில் யாரைப் போடுவது, யாருக்கு விலையுயர்ந்த பயிற்சி கொடுப்பது என்பதை மேலாளர்தான் முடிவு செய்கிறார். தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. காபி மேசையில் யாரோடு உட்காருகிறார், எந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கே தகுதியாக மாறுகிறது. பழைய வேலையில் விடப்பட்ட தம்பியிடம் இரண்டு வருடம் கழித்து "உனக்குத் திறன் பொருந்தவில்லை" என்பார்கள். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, ஏஐ காரணம் இல்லை, திறன் பொருத்தம்தான் பிரச்சினை என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். திறன் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்ற கணக்கை எந்த நிறுவனமாவது வெளியிடுமா?

மனநலம் பேசுபவர்களோடு ஒரு வார்த்தை

கவுன்சிலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் தவிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரிடமாவது பேசத்தான் வேண்டும், மருத்துவரையும் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கூரை ஒழுகும்போது முதலில் ஓட்டை அடைக்க வேண்டும். நனைந்தவனுக்குத் துண்டு கொடுப்பது அடுத்த வேலை. துண்டை மட்டும் நீட்டிவிட்டு "நனையாமல் இருக்கப் பழகிக்கொள்" என்பவர் நமக்கு நல்லது நினைப்பவர் இல்லை.

ஆலைத் தொழிலாளி களைத்துப்போனபோது அண்ணல் அவருக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கொண்டுவந்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 ஆக்கியது. களைப்புக்கு மருந்து வேலை நேரத்தைக் குறைப்பதுதான் என்று அவருக்குத் தெரியும். 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐயை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். அவர்களுடைய எரிச்சலுக்கும் அதுதான் மருந்தாக இருந்தது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று. முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் புதிய எந்திரத்தையோ முறையையோ கொண்டுவந்தால் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் முன்னறிவிப்பு ஏற்பாடு தொடர்கிறது. ஏஐயும் எந்திரம்தான். வருகைப்பதிவு, மதிப்பீடு, வேலைநீக்கம் எதில் பயன்படுத்தினாலும் தமிழில் எழுதி, சங்கத்தோடு பேசிய பிறகே கொண்டுவர வேண்டும்.

இரண்டு. எந்திரம் சொன்னதை மட்டும் வைத்து ஒரு ரூபாய் கூலியையும் பிடிக்கக் கூடாது. முகம் பொருந்தாவிட்டால் கையெழுத்துப் பதிவேடு இருக்க வேண்டும். வரவில்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

மூன்று. முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரின் பெயரும் போன் நம்பரும் ஒவ்வொரு பணியிடத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். காரணத்தை அவர் எழுத்தில் தர வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. கர்நாடகம் 2025-ல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம், தானியங்கி முறைகள் எப்படி முடிவெடுக்கின்றன என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. ஸ்விக்கி, சொமாட்டோ ஓட்டும் பிள்ளைக்குக் கிடைக்கும் உரிமை தெரு கூட்டும் அக்காவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நான்கு. சாதிவாரிக் கணக்கு. ஏஐ பயிற்சி யாருக்குக் கொடுத்தீர்கள், யாரை நீக்கினீர்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் இடம் வேண்டும்.

ஐந்து. குழிக்கு முதலில். ஒரு மேன்ஹோலில் மனிதன் இறங்கும் வரை, எந்த உள்ளாட்சியும் தொழிலாளியைக் கண்காணிக்கும் கருவிக்கு ஒரு பைசாவும் செலவு செய்யக் கூடாது.

இதெல்லாம் தானாக வராது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமே, வேலை சம்பந்தப்பட்ட காரணம் என்றால் நம்முடைய சம்மதம் இல்லாமலே விவரங்களைப் பயன்படுத்த முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. அதனால் சங்கம்தான் நமக்கு வழி. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தம்பிகள் இன்னும் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்த அக்காக்களுக்கும் வாடகை இருந்தது, பிள்ளை படிப்பு இருந்தது, கடன் இருந்தது. நீங்கள் எழுதும் நிரல்தான் அவர்களுடைய முகத்தை ஏற்கிறது அல்லது மறுக்கிறது. உங்கள் வேலையைப் பறிப்பதும் அவர்கள் கூலியைப் பறிப்பதும் ஒரே ஏற்பாடுதான். ஒரே மேடையில் நிற்க நேரம் வந்துவிட்டது.

அந்த அக்காவுக்காக நாங்கள் ஏழு பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். செயலியை யார் நடத்துகிறார்கள் என்று கேட்டோம். ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்ததாரர் மென்பொருள் கம்பெனியைக் கேளுங்கள் என்றார். நாங்கள் நகரவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் கூட்டிய தெருவின் கடைக்காரர்கள் மூன்று பேர் எழுதிக் கொடுத்த கடிதத்தை மேசையில் வைத்தோம். மாலை நான்கு மணிக்கு இரண்டு நாள் கூலி பதிவேட்டில் ஏறியது. பேனாவால்தான் ஏற்றினார்கள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "எழுத முடியாதுன்னாங்க. எழுத முடியுது பாரு."

அடுத்த மாதம் முகம் பொருந்தாத இன்னும் ஆறு பேரின் பெயர்களோடு மறுபடி போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.